மகன் டீமுக்கு எடுபட்டுவிட்டான், நான் கல்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன்

காலிவீதிக்காரன்:

போன வெள்ளி பின்னேரம் மகன் சப்பாத்தைக் கழற்றாமலே குசினி வரைக்கும் ஓடி வந்தான். பதினைந்து வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் அணியில் பெயர் வந்துவிட்டது. மனைவி அழுதே விட்டாள். நானும் தேத்தண்ணியை வைத்துவிட்டு அவன் தலையைத் தடவினேன். அரை மணி நேரத்தில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். முதல் செய்தியே ஒரு பட்டியல்.

சனிக்கிழமை கொழும்புக் கோட்டையிலும் மருதானையிலும் மூன்று கடை ஏறி இறங்கினேன். சுமாரான இங்கிலிஷ் வில்லோ மட்டை 48,000. பாட்ஸ் 14,000. கிளவுஸ் 8,500, அதிலும் இரண்டு சோடி வேண்டுமாம், ஒன்று வியர்வையில் நனைந்தால் மாற்றுவதற்கு. ஹெல்மெட் 16,000. ஸ்பைக்ஸ் 18,000. தொடைக்காப்பு, உள்காப்பு, கிட் பேக், பயிற்சி உடுப்பு, மெட்ச் உடுப்பு, அணியின் ட்ராக் சூட். ஒன்றே கால் லட்சத்தைத் தாண்டியதும் கூட்டுவதை நிறுத்திவிட்டேன்.

இது வாங்கி முடிந்துவிடுகிற செலவு. முடியாத செலவு வேறு. பயிற்சி முடியும் நேரத்துக்கு ஸ்கூல் வான் போய்விடும், ஆகவே வாரத்தில் நான்கு நாள் ஓட்டோ. ‘தனியாகக் கொஞ்சம் பழக்கினால் நல்லது’ என்று கோச் சொல்கிறார், மணித்தியாலத்துக்கு 2,000. மெட்ச் நாட்களில் இரண்டு அணிக்கும் மத்தியானச் சாப்பாடு பெற்றோர் முறை வைத்துக் கொடுக்க வேண்டும். பிறகு நினைவு மலருக்கு ஆளுக்கு இரண்டு விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டும். நான் கப்பல் சரக்குக் கம்பனி ஒன்றில் கிளார்க். எங்கள் முதலாளியிடம் விளம்பரம் கேட்பதைவிட நானே பிரசவ வலி பார்க்கலாம்.

அரச பாடசாலைதான். படிப்பு இலவசம், புத்தகம் இலவசம், சீருடைத் துணியும் இலவசம். கைக்கு வருவது ஒரு லட்சத்து முப்பதாயிரம், அதில் வெள்ளவத்தை வீட்டு வாடகை பாதியைத் தின்கிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கௌரவத்துக்கு எழுதாமல் உள்ளதை எழுதுங்கள்.

மரச்சுத்தியல்:

தம்பி, முதலில் மூச்சு விடுங்கள். நான் பள்ளிக்கூட நாளில் இரண்டாம் அணி. இப்போது ஓய்வு நேரத்தில் மட்டைக்குப் பிடி மாற்றி, வெடிப்பு ஒட்டிக் கொடுக்கிறவன்.

தோல்பந்துக்கு இங்கிலிஷ் வில்லோ வேண்டும்தான், அதில் பேரம் இல்லை. ஆனால் ‘கிரேட் ஒன்’ என்ற ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். கிரேட் என்பது பெரும்பாலும் கண்ணுக்கு. வரி நேராக ஓடுகிறதா, மரத்தில் மறு இருக்கிறதா, அவ்வளவுதான். ஓரத்தில் பழுப்புக் கறை உள்ள மட்டையும் பந்தை அடிக்கும், விலையும் கீழே நிற்கும். கடையில் ஒரு பழைய பந்தைக் கேட்டு வாங்கி மட்டையில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கைக்குள் அதிர்வு வராமல் பந்து துள்ளினால் எடுங்கள்.

விலை ஏன் இப்படி என்றால், மரம் இங்கிலாந்தில் வளர்கிறது, செதுக்குவது பெரும்பாலும் மீரட், ஜலந்தர், சியால்கோட் பக்கம், நாம் வாங்குவது டொலரில். 2022 மார்ச் வரைக்கும் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பிறகு 300 பக்கம் இறங்கி வந்தது, கடைக்காரரின் விலைச்சீட்டு இறங்கி வரவில்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமாகியது.

இன்னொன்று, யாரும் சொல்ல மாட்டார்கள். 14 வயதில் பிள்ளை வளர்கிறான். இந்த வருடம் ஆறாம் சைஸ், அடுத்த வருடம் ஹாரோ என்கிற இடைப்பட்ட சைஸ், அதற்கடுத்த வருடம் பெரியவர்களின் மட்டை. ஆகவே அடுத்த வருடம் விற்கக்கூடிய நிலையில் வைத்திருங்கள். புது மட்டையை நேரே பயிற்சி வலைக்குள் கொண்டுபோனால் ஒரு மாதத்தில் நுனி பிளக்கும். லின்சீட் எண்ணெய் மெல்லிசாகப் பூசி, ஒரு நாள் படுக்கப் போட்டு, மரச்சுத்தியலால் ஐந்தாறு மணித்தியாலம் தட்ட வேண்டும். ஒரே நாளில் இல்லை, இரவுக்கு அரை மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவார், பரவாயில்லை.

மகன் வலக்கைதானே?

காலிவீதிக்காரன்:

இல்லை அண்ணா. இடக்கை. ஏன்?

மரச்சுத்தியல்:

அட. மட்டைக்குப் பிரச்சினை இல்லை. பாட்ஸ், கிளவுஸ், தொடைக்காப்பு மூன்றுக்கும் இடம் வலம் உண்டு. பழைய சாமான் கேட்டால் பத்தில் ஒன்று இடக்கைக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். விசாரித்துப் பார்க்கிறேன்.

கொச்சிக்கடைக் கச்சான்:

மகனைச் சுழற்பந்து வீச்சாளராக மாற்றிவிடுங்கள் அண்ணா. முரளி 800 விக்கெட் எடுத்தது எந்தக் கிரேட் மட்டையால்?

காலிவீதிக்காரன்:

வீட்டில் சொல்லிப் பார்த்தேன். சோறு கிடைக்காது போல இருக்கிறது.

சலங்கைச் சத்தம்:

ஒன்றே கால் லட்சத்துக்கே மூச்சு வாங்குகிறதா? என்னிடம் வாருங்கள்.

மகளுக்குப் போன வருடம் அரங்கேற்றம். ஏழு வயதில் தொடங்கிய நடனம், மாதக் கட்டணம் பெரிதாக இல்லை. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையையும் தரம் தரமாக எழுதிக்கொண்டு வந்தாள், அதற்கும் பெரிய செலவில்லை. பத்து வருடம் பரீட்சைக் கட்டணம் கட்டியதைக் கூட்டினாலும் அரங்கேற்றத்தன்று மேடைப் பூவுக்குக் கொடுத்த காசு வராது.

மண்டபம், பாட்டு, மிருதங்கம், வயலின். பக்கவாத்தியக்காரருக்கு அன்று ஒரு நாள் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஒத்திகைக்கும் ஒவ்வொரு தடவையும் தனியாகக் கொடுக்க வேண்டும், ஒத்திகை ஏழு. மூன்று செட் உடுப்பு, ஆபரண செட், மேக்கப், வீடியோ, அழைப்பிதழ், குருதட்சணை, பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை, வந்தவர்களுக்குச் சாப்பாடு. பன்னிரண்டு லட்சம். என் தாலிக்கொடியைத் தவிர மிச்ச நகை எல்லாம் செட்டியார் தெருவுக்கு அடகு போய் வந்தது. இரண்டு காப்பு இன்னும் திரும்பி வரவில்லை.

பிழை குருவுடையதும் இல்லை, பிள்ளையுடையதும் இல்லை. ‘சின்னதாகச் செய்வோம் அம்மா’ என்று மகளே சொன்னாள். முந்தின மாதம் மச்சாளின் மகளுக்கு நடந்தது. அதைவிடக் குறைத்தால் சபையில் என்ன சொல்வார்கள் என்று யோசித்தவள் நான்தான்.

பழைய பென்சனியர்:

தேவையா இதெல்லாம்? 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வி கொண்டுவந்தது ஏழைப் பிள்ளையும் படிக்கட்டும் என்று. நாங்கள் 60களில் வெறுங்காலோடு கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் பந்து உதைத்தோம். கோல் கம்பத்துக்கு இரண்டு செங்கல். யாருக்கும் கோச் இல்லை. இப்போது பெற்றோர் தங்கள் ஆசையைப் பிள்ளையின் முதுகில் கட்டி விடுகிறார்கள்.

கொச்சிக்கடைக் கச்சான்:

ஐயா, அந்த ஒழுங்கையில் இப்போது ஓட்டோ நிற்பாட்டவும் இடமில்லை. செங்கலை எங்கே வைப்பது?

விசில் மிஸ்:

பென்சனியர் ஐயா சொன்னதில் பாதி சரி. மறுபாதிக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் கொழும்பு வடக்கில் ஒரு சின்னத் தமிழ்ப் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. எங்கள் பிள்ளைகள் இன்னும் வெறுங்காலோடுதான் ஓடுகிறார்கள். பள்ளிக்கூட மைதானம் என்று நாங்கள் சொல்வது சிமெந்து போட்ட ஒரு முற்றம். காலைக்கூட்டமும் அங்கேதான், நீளம் பாய்தல் பழகுவதும் அங்கேதான். மணல் இல்லாததால் பாயச் சொல்வதில்லை, ஓடி வந்து நிற்கச் சொல்வேன்.

கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படி படியாகப் போக வேண்டும். ஒவ்வொரு படியும் ஒரு பஸ், ஒரு காலைச் சாப்பாடு, ஒரு மத்தியானச் சாப்பாடு. ஒரு தடவை சுகததாச விளையாட்டரங்கத்தில் போட்டி. மூன்று பெண் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சோடி ஸ்பைக்ஸ், ஆறாம் சைஸ், யாரோ ஒரு பழைய மாணவி தந்தது. 100 மீற்றர் ஓடி முடித்தவள் தடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கழற்றுவாள். 200க்கு நிற்பவள் அதை வாங்கி, தன் காலுக்குப் பெரிசு என்பதால் முன்னால் பஞ்சு அடைத்துக்கொண்டு கட்டுவாள். மூன்றாமவளுக்கு அளவு சரி. அவளுடைய போட்டி கடைசி, அதற்குள் உள்ளே ஈரம். பஞ்சை எடுக்க மறந்து ஓடிவிட்டாள். நான்காவதாக வந்து, ‘மிஸ், ஏதோ குத்தியது’ என்றாள்.

அந்தப் பிள்ளையின் அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை. ‘என் மகள் ஓடுவாள் என்றே எனக்குத் தெரியாது’ என்று சொன்னார். பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் காசு கேட்டது போல ஆகிவிடும் என்று பயம்.

ஒரு பயனுள்ள தகவலும் சொல்கிறேன். விளையாட்டிலும் கலையிலும் தேசிய மட்டச் சாதனை இருந்தால் பல்கலைக்கழக அனுமதியில் அதற்கென்று விசேட வழி ஒன்று உண்டு. உயர்தரப் பரீட்சையில் தேவையான ஆகக்குறைந்த பெறுபேறும் இருக்க வேண்டும். ஆகவே சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் இதை நம்பி யாரும் மட்டை வாங்காதீர்கள், மிக மிகக் குறுகிய கதவு.

குதிரை எல் வடிவம்:

செலவில்லாத விளையாட்டு என்று நினைத்து மகனைச் செஸ்ஸில் விட்டோம். பலகை 2,500. அத்தோடு முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். பிறகு பயிற்றுநர், பிறகு வார இறுதிப் போட்டிகளின் நுழைவுக் கட்டணம், வெளியூர்ப் போட்டி என்றால் கூடவே ஒருவர் போய்த் தங்க வேண்டும். மூன்றாம் வருடம் ஒரு கடிதம் வந்தது: உங்கள் பிள்ளை நாட்டின் சார்பில் வெளிநாட்டுப் போட்டிக்குத் தெரிவாகியுள்ளார், வாழ்த்துக்கள். இரண்டாவது பக்கத்தில் விமான டிக்கெட்டும் தங்கும் செலவும் நாங்களே கட்ட வேண்டும் என்று இருந்தது. இலங்கைக் கொடி குத்திய கோட்டுக்கும் அளவு கேட்டிருந்தார்கள், அதற்கும் காசு.

அனுப்பவில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு வாரம் பலகையைத் தொடவில்லை. நான் எடுத்த முடிவு சரியா என்று இன்றைக்கும் தெரியாது. இப்போது பதினொன்றாம் வகுப்பு, எப்படியும் எல்லாவற்றையும் நிற்பாட்டி டியூஷனுக்கு ஓடுகிறான்.

ஸ்கார்பரோ குளிர்:

கனடாவில் இருந்து எட்டிப் பார்க்கிறேன். இங்கே ஐஸ் ஹாக்கி என்று மகன் வாய் திறந்த அன்றே அவனுக்கு ஒரு பந்தை வாங்கிக் கொடுத்து பாஸ்கட்போல் பக்கம் திருப்பிவிட்டேன். டொலரில் உழைத்தாலும் இதே கதைதான், சப்பாத்துக்குப் பதிலாக ஸ்கேட்.

கறிவேப்பிலை:

காலிவீதிக்காரன் அண்ணா, குறை நினைக்காதீர்கள். போன வருடம் வேறொரு இழையில் நீங்கள் ‘மகளுக்குப் பன்னிரண்டு வயது, நெட்போல் விளையாடுகிறாள்’ என்று எழுதியது ஞாபகம். இந்தப் பட்டியலில் அவள் எங்கே? அவளுடைய சப்பாத்து எத்தனை ரூபா?

எங்கள் வீட்டில் தம்பிக்கு மட்டை வந்த வருடம் எனக்கு வலைப்பந்துச் சப்பாத்து வரவில்லை. அம்மா, ‘நீ எப்படியும் ஓ.எல் பரீட்சையோடு விட்டுவிடுவாய்தானே’ என்றார். விட்டேன். தம்பியும் விட்டான், அது வேறு கதை. வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் 2018இல் ஆசியக் கிண்ணத்தோடு வந்தபோது அம்மா டிவியைப் பார்த்து, ‘நீயும் உயரம்தானே, விளையாடியிருக்கலாமே’ என்று கேட்டார். பகிடிக்கு இல்லை, உண்மையாகவே மறந்துவிட்டார்.

கொச்சிக்கடைக் கச்சான்:

அண்ணாவைக் காணவில்லை.

விசில் மிஸ்:

வருவார். நல்ல கேள்விக்குப் பதில் எழுத நேரம் எடுக்கும்.

சோற்றுப் பார்சல்:

இந்த இடைவெளியில் அந்த மத்தியானச் சாப்பாட்டு முறை பற்றி நான் கொஞ்சம் அழுதுவிடுகிறேன். மூத்தவனின் அணியில் முதல் பெற்றோர் சோறு, பருப்பு, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பிரட்டல் கொடுத்தார்கள். எல்லோரும் நக்கிச் சாப்பிட்டார்கள். இரண்டாவது பெற்றோர் பிரியாணி. மூன்றாவது பெற்றோர் பிரியாணியோடு வட்டலாப்பம். நாலாவது நாங்கள். இரண்டு அணி, நடுவர், ஸ்கோர் எழுதும் பிள்ளைகள், கோச்மார், வான் சாரதி என்று நாற்பது பேர். 60,000 ரூபாவுக்கு ஐஸ்கிரீம் வரைக்கும் கொடுத்தோம். அன்று மழை, மெட்ச் பதினொரு மணிக்கே கைவிடப்பட்டது, எதிரணி சாப்பிடாமலே பஸ் ஏறியது. எங்கள் மாடி வீட்டுக்காரர் அனைவருக்கும் மூன்று நாள் பிரியாணி.

குழுவில் ஒருவர் துணிந்து, ‘இனிமேல் எல்லோரும் சோறும் இரண்டு கறியும்தான்’ என்று எழுதினால் இருபது பேர் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்த ஒருவராக இருக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காலிவீதிக்காரன்:

மன்னிக்க வேண்டும், எட்டு நாள் ஆகிவிட்டது.

கறிவேப்பிலை, உங்கள் பதிவை ஓபிஸில் வாசித்தேன். முதலில் கோபம் வந்தது. பிறகு வீட்டுக்குப் போய்ச் சப்பாத்து வைக்கும் தட்டைப் பார்த்தேன். மகளின் சப்பாத்து வலது பெருவிரல் பக்கம் கிழிந்து, உள்ளேயிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறது. என்னுடைய கருவிப் பெட்டியில் இருந்து எடுத்த டேப். எப்போது கிழிந்தது என்று கேட்டேன். ‘ஜூனில்’ என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ‘அண்ணாவுக்குத் தெரிவு நடக்கிறது என்று சொன்னீங்களே’ என்றாள். புத்தகத்தில் இருந்து தலையை எடுக்காமல் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

சப்பாத்து 9,500. அன்றைக்கே வாங்கினோம். மகனின் இரண்டாவது சோடி கிளவுஸைப் பட்டியலில் இருந்து வெட்டினேன், அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் இருந்தான், பிறகு சரியாகிவிட்டான். தனி கோச்சிங் இந்தப் பள்ளித் தவணைக்கு இல்லை என்று கோச்சிடம் நேரே சொன்னேன். அணியில் இருந்து தூக்கிவிடுவாரோ என்று பயந்தேன். ‘அப்போ காலையில் அரை மணி முந்தி அனுப்புங்கோ, நானே வலையில் பந்து போடுகிறேன்’ என்றார். இதைக் கேட்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

மட்டை 29,000க்கு எடுத்தேன் மரச்சுத்தியல் அண்ணா, ஓரத்தில் கறை உள்ளது. இரவில் தட்டுகிறேன். கீழ்வீட்டு அன்ரி முதல் நாள் மேலே வந்து சண்டை பிடித்தார், இப்போது மெகா சீரியல் முடிந்த பிறகு தட்டச் சொல்லி அனுமதி.

சோற்றுப் பார்சல், நேற்று இரவு நான் குழுவில் எழுதிவிட்டேன். ‘சோறு, பருப்பு, கோழி, ஒரு மரக்கறி. இதற்கு மேல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.’ பத்து நிமிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீல டிக் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு வட்டலாப்பம் கொடுத்த அதே அம்மாவிடமிருந்து முதல் கும்பிடு.

சோற்றுப் பார்சல்:

நானும் ஒன்று போட்டிருக்கிறேன், இங்கிருந்தே. 🙏

பழைய பென்சனியர்:

விசில் மிஸ், உங்கள் பிள்ளைகளுக்கு என்ன சைஸில் ஸ்பைக்ஸ் வேண்டும்? மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

விசில் மிஸ்:

ஐயா... நான்கு, ஐந்து, ஆறு. தனிச்செய்தியில் வருகிறேன்.

மரச்சுத்தியல்:

காலிவீதிக்காரன், இடக்கைப் பாட்ஸ் ஒரு சோடி அகப்பட்டது. தெஹிவளையில் ஒரு பையன் போன வருடம் ஏ.எல் பரீட்சைக்காக விளையாட்டை விட்டவன். ஒரு வார் அறுந்திருக்கிறது, நான் தைத்துத் தருகிறேன். காசு வேண்டாமாம், பிறகு யாராவது இடக்கைப் பிள்ளைக்குக் கொடுக்கட்டும் என்கிறான். கிளவுஸும் இருக்கிறது, ஆனால் மணம் கொஞ்சம் கடுமை. ஞாயிறு காலை வெள்ளவத்தை மார்க்கெட் முன்னால் வர முடியுமா?

காலிவீதிக்காரன்:

ஒன்பது மணிக்கு நிற்பேன் அண்ணா. மகளுக்குக் காலையில் பயிற்சி, அவளை விட்டுவிட்டு வருகிறேன். கிளவுஸையும் கொண்டு வாருங்கள், மொட்டை மாடியில் வெயிலில் போடலாம்.